சாவியுள்ள சக்கா, சாவியில்லாத சக்கா?

வீட்டுப் பட்டறைக்கு டிரில் வாங்க விரும்பும் நண்பர்கள் மோட்டாரின் வாட் அளவைத்தான் கேட்கிறார்கள். துளையிடும் முனையான பிட்டைப் பிடித்திருக்கும் சக்கைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

மரவேலையில் 3 மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டு, உடனே திருகு முடுக்கும் பிட்டுக்கு மாறி, மீண்டும் துளைக்குத் திரும்புகிறவருக்குச் சாவியில்லாத சக்கே ஏற்றது. சக்கின் வெளியுறையைக் கையால் திருகினால் போதும், பிட் இறுகிவிடும். அறுகோணத் தண்டுள்ள பிட்டுகள் அதில் வழுக்குவதும் அரிது.

இரும்பில் 10 மி.மீ.க்கு மேல் துளையிடும்போது நிலைமை வேறு. பிட் துளையின் மறுபக்கம் வெளியேறும் நொடியில் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும். அப்போது கையால் முடுக்கிய இறுக்கம் மட்டும் போதாமல் சக்கின் தாடைகளுக்குள் உருண்டைத் தண்டு சுழன்று, தண்டில் தழும்பு விழுந்துவிடும், பிறகு அந்தப் பிட் எந்தச் சக்கிலும் நேராக நிற்காது. 1902இல் ஆர்தர் ஜேக்கப்ஸ் காப்புரிமை பெற்ற, பற்களுள்ள சாவியால் சக்கை முடுக்கும் பற்சாவி முறை இன்றும் நிலைத்திருப்பதற்கு இந்தப் பிடிமானமே காரணம் என்று நினைக்கிறேன். பலர் சக்கின் பக்கத்திலுள்ள மூன்று சாவித் துளைகளில் ஒன்றில் மட்டும் சாவியைப் போட்டு முடுக்கிவிட்டு விடுகிறார்கள். மூன்று துளைகளிலும் முடுக்கினால்தான் தாடைகள் சமமாக இறுகும்.

சுத்தியல் டிரில்லில் அதிர்வால் சாவியில்லாத சக் தளரக்கூடும் என்பதால் இடையிடையே இறுக்கிப் பார்க்க வேண்டும். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விசையை அழுத்தினால் அது தெறித்துக் காயப்படுத்தும். அதனால் நான் சாவியை மின்கம்பியில், செருகிக்கு அருகே கட்டி வைத்திருக்கிறேன். செருகியைக் கழற்றாமல் சாவி சக்கை எட்டாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், உலோக வேலை அதிகமுள்ளவர் சாவியுள்ளதையே வாங்குங்கள்.