நடராஜரைப் பற்றி எழுதியவரும் பலாங்கொடைக் கறுப்புக் கல்லும்

ஆனந்த குமாரசுவாமி என்றால் நம் ஆட்களுக்கு நடராஜர்தான் ஞாபகம் வரும். பொஸ்டன் அருங்காட்சியகம், சிவதாண்டவக் கட்டுரை, அவ்வளவுதான். அந்த மனுஷன் இலங்கையில் பார்த்த உத்தியோகமே கல் தேடுவதுதான் என்று சொன்னால் "சும்மா கதை விடாதீங்க" என்கிறார்கள். கதை இல்லை. சேர் முத்து குமாரசுவாமியின் மகன், லண்டனில் புவிச்சரிதவியல் படித்தவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வின் பணிப்பாளர். கண்டிக்குப் பக்கத்தில் அம்பகோட்டை அருகே, கங்காபிட்டியவில் 1902இல் எடுத்த நீல நிறக் கல்லொன்று உலகத்துக்கே புதுக் கனிமம் என்று பிரையர் என்பவரோடு சேர்ந்து நிறுவினார். செரண்டிபைட் என்பது அதுதான். ஆனால் எனக்குப் பிடித்தது இந்த நீலக் கல் இல்லை, எங்கள் பலாங்கொடைப் பக்கத்துக் கறுப்புக் கல்.

மாணிக்கக் குழிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், குழியில் 'இல்லம்' என்கிற மாணிக்கச் சரளை வந்தால்தான் ஆட்களின் முகம் மாறும். அந்தச் சரளை மண்ணை மேலே ஏற்றி, தண்ணீரில் கூடையை வைத்துச் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். லேசானதெல்லாம் போய்விடும், பாரமானது அடியில் தங்கும். நீலமும் புஷ்பராகமும் தங்குகிற அதே இடத்தில் கறுப்புக் குறுணியும் தங்கும். சின்னச் சின்னக் கனசதுரங்களாக, அளவுக்குப் பொருந்தாத பாரத்தோடு இருக்கும். மாணிக்கம் தேடுகிறவனுக்கு அதால் என்ன பயன்? வீசிவிடுவான்.

பலாங்கொடைப் பக்கத்திலிருந்து கிடைத்த இந்தக் கறுப்பை முதலில் யுரேனியத் தாதுவான யுரேனினைட் என்றுதான் குமாரசுவாமி நினைத்தார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்து, இது பெரும்பாலும் தோரியம் என்ற கதிரியக்க உலோகத்தின் ஒக்சைட், புதுக் கனிமம் என்று 1904இல் அறிவித்தார். பெயர் தொரியனைட். அப்புறம் லண்டனில் ராம்சே என்ற இரசாயன விஞ்ஞானியின் ஆய்வுகூடத்துக்குப் படிக்க வந்த ஓட்டோ ஹான் என்ற இளைஞர், இந்த இலங்கைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்த உப்பில் ரேடியம் தேடப்போய் 1905இல் ரேடியோதோரியம் என்ற புதுக் கதிரியக்கப் பொருளைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு வாங்கிய அதே ஹான்தான்.

விஞ்ஞானிகளை விடுங்கள், வியாபாரிகளுக்கு ஏன் இதில் ஆசை? விளக்குத்தான் காரணம். அவுவர் வொன் வெல்ஸ்பாக் என்ற ஒஸ்திரியர் மேன்டில் என்கிற நூல் வலையைத் தோரியம் உப்பிலும் கொஞ்சம் சீரியத்திலும் தோய்த்து எரித்தால் வெள்ளை வெளிச்சம் வரும் என்று காட்டியிருந்தார். ஐரோப்பியத் தெருக்களின் காஸ் விளக்கெல்லாம் அந்த மேன்டிலில்தான் எரிந்தது. நம் தேயிலைத் தோட்டங்களில் விடிய விடியக் காமன் கூத்து ஆடிய பெட்ரோமக்ஸ் வெளிச்சமும் அதே வித்தைதான்.

அப்படியென்றால் பலாங்கொடை தோரியப் பட்டணமாகியிருக்க வேண்டாமா? தொரியனைட் சில காலம் கப்பலேறியது, பட்டணம் எழும்பவில்லை. கல்லில் தோரியம் ஏராளம், ஆனால் கல்லோ ஓடைச் சரளையில் சிதறிக் கிடந்தது, கூடை கூடையாக அலசித்தான் பொறுக்க வேண்டும். பிரேசில் கடற்கரையில் தோரியம் உள்ள மொனசைட் மணலை அள்ளிக்கொண்டே போகலாம். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பேர்க் என்ற ஜெர்மன்காரர் மொனசைட்டைக் கண்டார், அந்தக் கரையிலிருந்த மணவாளக்குறிச்சிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பிறகு மின்சார பல்ப் வந்து காஸ் மேன்டிலையே தள்ளிவிட்டது. எனக்கென்னவோ பலாங்கொடை தப்பித்தது நல்லது என்றுதான் படுகிறது. கதிரியக்கம் என்றால் என்ன என்று ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாத காலம், கூடை பிடித்த ஆட்களின் கையை யார் பார்த்திருப்பார்கள்?

வீசியதெல்லாம் வீணாகவே போகவும் இல்லை. பால் கலந்தது போல் மங்கலாக இருக்கும் கெவுடக் கல்லை ஒருகாலத்தில் யாரும் மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து மலிவாக வாங்கிக்கொண்டு போனார்கள். கடும் சூட்டில் உலையில் வைத்தால் அது பளிச்சென்ற நீலக்கல்லாகும் என்ற இரகசியம் இங்கே தெரியவந்தபோது நிறையக் கல் கைமாறிவிட்டது. பிறகுதான் இங்கும் உலை வைத்தார்கள், இரத்தினபுரியிலும் பேருவளையிலும் கெவுடவைத் தேடி ஓடினார்கள்.

இந்த ஓட்டத்திலெல்லாம் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருக்கிற தொழிலாளர் சனம் எங்கே நின்றது என்று கேட்டால், குழிக்குள்ளே. மாணிக்கம் தோண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்குக் காணிக்காரர் சம்மதம் வேண்டும். தோட்டக் காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு கம்பனிகள் நடத்துகின்றன, நாலு தலைமுறையாக அதன் மேல் குடியிருக்கிற நமக்கு லயக் காம்பராவின் வாசல்கூட உறுதிப் பத்திரத்தில் இல்லை. ஆகவே சட்டப்படி தோண்டினால் கூலி, சட்டம் மீறித் தோண்டினால் பொலிஸ். பொகவந்தலாவைப் பக்கம் இரவில் ஆற்றோரம் தோண்டியவர்கள் பிடிபட்டார்கள் என்று அடிக்கடி செய்தி வரும். எத்தனை பேர், என்ன வயது, எந்தத் தோட்டம் எல்லாம் இருக்கும். அவர்களிடம் கல் வாங்குகிறவர் யார் என்று அந்தச் செய்திகளில் நான் படித்ததே இல்லை.