பஞ்சாயுதம் தேட ஒரு அனுமதிக் கடிதம்

மெட்டல் டிடெக்டர் மெஷின் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் பக்கத்துப் பூங்காவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றேன். எட்டு மணிக்குள் பூங்கா ஊழியர் ஒருவர் குப்பை வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கி வந்தார். திட்டவில்லை. என் கையிலிருந்த சின்ன மண்வெட்டியைப் பார்த்தார், வாசல் பக்கம் கையைக் காட்டினார், "போர்டைப் படிச்சீங்களா?" என்று கேட்டார்.

இரண்டு வருடமாக அந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன். அங்கே ஒரு போர்டு இருப்பது அன்றுதான் தெரிந்தது. நாய், நெருப்பு, சைக்கிள் என்று போகிற வரிசையில் கீழே பைலா, அதாவது கவுன்சில் போட்ட உள்ளூர்ச் சட்டம், இப்படி ஒன்று: கவுன்சிலின் சம்மதம் இல்லாமல், நிலத்தில் உலோகமோ கனிமமோ இருப்பதைக் கண்டுபிடிக்கும் எந்தக் கருவியையும் யாரும் பயன்படுத்தக் கூடாது. எனக்கு அதில் "கூடாது" மட்டும்தான் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் இருந்த "சம்மதம்" என்ற சொல் மனதில் உறைக்க இரண்டு மாதம் ஆனது. இந்தக் கதையே அந்த இரண்டு மாதம்தான்.

நான் கரூர்க்காரன். அமராவதி மணலைச் சலித்துப் பழங்காசு பொறுக்குகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன். சேரர் காசும் ரோமானியர் காசும் அந்த மணலில் நிறையவே கிடைத்திருக்கின்றன. இப்போது லண்டனுக்குத் தெற்கே, சர்ரேயில் வேலை. இங்கே ரோமானியர்கள் நானூறு வருடம் ஆண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து கை அரித்துக்கொண்டே இருந்தது. வாங்கிய மெஷின் கேரட் கம்பெனியின் ஏஸ் 300i மாடல், இருநூற்றுச் சொச்சம் பவுண்ட். மனைவியிடம் நூற்றுச் சொச்சம் என்று சொல்லியிருக்கிறேன்.

பூங்காவிலிருந்து திரும்பி வந்த அன்று மாலையே கவுன்சிலுக்கு மெயில் போட்டேன். உங்கள் பூங்காக்களில் வார இறுதியில் தேட அனுமதி வேண்டும், தோண்டினால் குழியை மூடிவிடுவேன் என்று. மூன்று வாரம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. எங்கள் பூங்காக்கள் எதிலும் பொழுதுபோக்காக மெட்டல் டிடெக்டிங் செய்ய அனுமதிப்பதில்லை, புரிதலுக்கு நன்றி. எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதுதான் உண்மை.

வேறு எங்கே போகலாம் என்று பார்த்தேன். ஹைட் பார்க்கிலிருந்து ரிச்மண்ட் வரை லண்டனின் எட்டு ராயல் பார்க்குகளிலும் அறவே கூடாது. பழைய மாளிகைகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் நிலங்களில் தொல்லியல் ஆய்வு ஏதாவது நடந்து அதோடு சேர்ந்து போனால்தான் உண்டு. தேம்ஸில் நீர் வற்றும்போது கரையில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் பர்மிட் வேண்டும். மெஷின் இல்லாமல் கண்ணால் பார்த்துப் பொறுக்குவதற்கும் வேண்டும். கேட்டு வந்த கூட்டம் தாங்காமல் 2022 கடைசியில் புது பர்மிட் கொடுப்பதையே நிறுத்தினார்கள். மன்னர் பேரில் உள்ள சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தமான கடற்கரையில் மட்டும் தனியாக யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கரை அவர்களுடையது என்று முதலில் மேப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கடல் ஒன்றரை மணி நேரம்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று எரிச்சலோடு தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஃபார்னம் வழக்கு கையில் சிக்கியது. எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். அங்கே ஃபார்னம் பார்க் என்று பொதுப் பூங்கா. 1992இல் ஒருவர் அதில் மெட்டல் டிடெக்டரோடு போய், சிக்னல் வந்த இடத்தில் ஒன்பது அங்குலம் தோண்டி, இடைக்காலத்துத் தங்க ப்ரூச் (உடையில் குத்தும் நகை) ஒன்றை எடுத்தார். நேர்மையாகக் கொண்டுபோய்க் காட்டவும் செய்தார். அன்றைய சட்டப்படி, யாரோ திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்து வைத்தால்தான் அது புதையல். தவறி விழுந்த நகை புதையல் ஆகாது. எனவே அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பூங்காவுக்குச் சொந்தக்காரரான வேவர்லி கவுன்சில் விடவில்லை, வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட்டில் கண்டெடுத்தவர் ஜெயித்தார். 1995இல் அப்பீல் கோர்ட் தீர்ப்பைத் தலைகீழாக்கியது.

அந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் எனக்கு வந்த இரண்டு வரி மெயிலின் அர்த்தம் விளங்கியது. புல்லின் மேல் கிடக்கும் பொருள் வேறு, மண்ணுக்குள் இருக்கும் பொருள் வேறு. மேலே கிடப்பதை எடுத்தவனுக்கு, தொலைத்தவர் வரும்வரை, ஓரளவு பாத்தியதை உண்டு. மண்ணுக்குள் இருப்பது நிலத்துக்காரருடையது. பூங்காவுக்குள் நடக்கலாம், ஓடலாம், சப்பாத்தி கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடலாம். உள்ளே விட்டது அதற்குத்தான். மண்வெட்டி தரையில் இறங்கிய கணத்திலிருந்து அத்துமீறல். குழியை எவ்வளவு அழகாக மூடினாலும் அத்துமீறல் அத்துமீறல்தான். நான் "மூடிவிடுவேன்" என்று பெருமையாக எழுதியிருந்தேனே, அதுதான் என் விண்ணப்பத்திலேயே மோசமான வரி.

மெஷினை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர். கண் சிவந்திருந்தது. பத்து மாதப் பேரன் கழுத்தில் கிடந்த பஞ்சாயுதத்தைக் காணவில்லை. சங்கு, சக்கரம், கதை, வில், வாள் ஐந்தும் சேர்ந்த சின்னத் தங்கப் பதக்கம். 31ஆம் நாள் பிள்ளைக்குப் போட்டது. அன்று மத்தியானம் அதே பூங்காவில் எல்லோருமாகப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"தம்பி, உங்கட மெசினால ஒருக்காத் தேடிப் பாக்கேலாதோ?"

"அக்கா, அங்கே பைலா இருக்கு, விடமாட்டாங்க."

"பைலாவோ? அது ஆடுறதெல்லோ?"

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். எனக்கு அது சிங்களப் பாட்டு வகை என்று அப்போது தெரியாது. அவர் விளக்கிச் சொல்லி முடிக்கும்போதுதான் போர்டில் இருந்த வாசகம் முழுதாக ஞாபகம் வந்தது. சம்மதம் இல்லாமல் கூடாது. அப்படியென்றால் சம்மதம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

இந்தத் தடவை எழுதுவதற்கு முன்னால் வேலை பார்த்தேன். அக்கா வீட்டு எல்லோருடைய போனிலும் இருந்த படங்களை நேர வரிசையில் அடுக்கினோம். 12:40க்கு எடுத்த படத்தில் பிள்ளையின் கழுத்தில் பதக்கம் இருக்கிறது. 1:25 படத்தில் இல்லை. இடையில் பிள்ளை போன இடம் இரண்டே இரண்டு: ஓக் மரத்தடிப் பெஞ்சுக்கு முன்னால் விரித்த பாய், அங்கிருந்து வாத்துக் குளத்துக்குப் போகும் புல் ஓரம். பூங்காவின் மேற்குக் கோடியில் பழைய மண்மேடு ஒன்று, பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பட்டியலில் உள்ளது. அதற்குள் மெஷினை ஓட்டினால் 1979ஆம் வருடத் தொல்சின்னச் சட்டப்படி குற்றம்; கவுன்சில் சரி என்றாலும் போதாது, தொல்சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு எழுத்தில் அனுமதி தர வேண்டும். அந்தப் பட்டியலின் மேப் இணையத்திலேயே இருக்கிறது. எங்கள் இடம் அதற்கு வெகு தூரம் வெளியே. அந்த மேப்பையும் பிரிண்ட் எடுத்தேன்.

கடிதம் ஒரு பக்கம்தான். தொலைந்த பொருள் இது, இதோ படம். தேட வேண்டிய இடம் இவ்வளவு, இதோ சிவப்பு மையில். இரண்டு மணி நேரம், ஆட்கள் வராத காலை வேளை. தோண்டும் கருவி எதுவும் கையில் இருக்காது. வேறு எது கிடைத்தாலும் உங்களிடம் ஒப்படைப்பேன். என்.சி.எம்.டி. என்ற தேசிய டிடெக்டிங் சங்கத்தில் சேர்ந்திருந்தேன்; உறுப்பினருக்கு ஒரு கோடி பவுண்ட் வரை பொதுமக்கள் பாதிப்புக் காப்பீடு உண்டு. அந்தச் சான்றிதழையும் இணைத்தேன். கடைசியாக, தயவுசெய்து அதுவரை அந்தப் பக்கம் புல் வெட்ட வேண்டாம் என்று ஒரு வரி.

காரியத்தைச் சாதித்தது அந்தக் கடைசி வரி என்று நினைக்கிறேன். திங்கள் மதியமே போன் வந்தது. வியாழக்கிழமை அங்கே புல் வெட்டும் முறையாம். அந்த இயந்திரம் ஏறினால் பதக்கம் துண்டு துண்டாகிவிடும் என்று போனில் பேசிய கவுன்சில் அம்மாவே சொன்னார். "புதன் காலை ஏழு முதல் ஒன்பது வரை, எங்கள் ஆள் ஒருவர் கூட இருப்பார், சம்மதமா?" என்னிடம் சம்மதம் கேட்கிறார்கள்!

செவ்வாய் மாலை அக்கா, மூத்த பேரனின் பஞ்சாயுதத்தைக் கொண்டுவந்தார். அதே தட்டான் செய்தது, கிட்டத்தட்ட அதே எடை. எங்கள் பின்பக்கத்துப் புல்லில் அதைப் போட்டு மெஷினை மேலே ஓட்டினேன். உலோகத்துக்குத் தக்கபடி மெஷின் திரையில் ஒரு எண் காட்டும். இதற்கு 48, 49. இது முக்கியம். சின்னத் தங்கம் பெரிய எண்ணில் பேசாது. சாக்லேட் சுற்றிய ஃபாயில் தாளும், குளிர்பானக் கேனின் இழுப்பு வளையமும் கத்துகிற அதே வட்டாரத்தில்தான் அதுவும் கத்தும். குப்பை என்று மெஷினில் அந்த எண்களை அடைத்துவிட்டுத் தேடினால் தங்கத்தையும் சேர்த்து அடைத்துவிடுவோம்.

புதன்கிழமை வந்தவர் அந்தச் சனிக்கிழமை என்னை நிறுத்திய அதே ஊழியர். கை குலுக்கிவிட்டு என் பையைத் திறந்து பார்த்தார். மண்வெட்டி இல்லை. ஆரஞ்சு நிறத்தில் பின்பாயிண்டர், பொருள் இருக்கும் புள்ளியைக் கிட்டத்தில் காட்டும் கைக்கருவி, மட்டும் இருந்தது. இங்கே எல்லோரும் அதைக் காரட் என்பார்கள். கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, மெஷினின் அடியில் இருக்கும் வட்டத் தட்டான காயிலைப் புல்லோடு உரசுகிற மாதிரி ஓட்டினேன். சிக்னல் வந்தால் மண்டியிட்டு விரலால் புல்லைக் கோத வேண்டும், காரட்டை நுழைக்க வேண்டும். மேலே இருந்தால் எடுக்கலாம். மண்ணுக்குள் என்றால் எழுந்து அடுத்த இடம்.

முதல் ஒரு மணி நேரத்தில் இழுப்பு வளையம் பதினொன்று, ஃபாயில் உருண்டை எண்ண முடியவில்லை, ஒரு பவுண்ட் காசு இரண்டு. காசை அவர் வாங்கிச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

ஓக் மரத்தின் வேருக்கு ஓரடி தள்ளி ஒரு சத்தம் வந்தது. 83. எந்தப் பக்கமிருந்து ஓட்டினாலும் 83, மணி அடித்த மாதிரி உருண்டையான சத்தம். இந்த மெஷினில் வெள்ளி பேசும் எண் அது. திரையில் ஆழம் நாலு அங்குலம் காட்டியது. நான் மெஷினை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவரும் ஹெட்போனுக்கு வெளியே கசிந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை, டீ குடித்தார். ஃபார்னம் ப்ரூச் ஒன்பது அங்குலம். இது நாலு. இரண்டுமே என்னுடையது இல்லை. நகர்ந்துவிட்டேன். நல்லவனாகச் சொல்லவில்லை, அவர் மட்டும் அங்கே இல்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எட்டு ஐம்பதுக்கு, குளத்துக்குப் போகும் ஓரத்தில், 49. குனிந்தேன். க்ளோவர் இலைகளுக்கு அடியில், அறுந்த சங்கிலியின் இரண்டு அங்குலத்தோடு, வில்லும் வாளும் மேலே பார்த்தபடி கிடந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த ஊழியர்தான் முதலில் கத்தினார்.

அக்கா வீட்டில் அன்று இரவு ஆட்டுக்கறிக் குழம்பும் புட்டும். அக்காவின் வீட்டுக்காரர் என் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 1992இல், அதாவது ஃபார்னம் நடந்த அதே வருடம், சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்ற இடத்தில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப் போனவர்தான் 14,865 ரோமானியக் காசு உள்ள புதையலைக் கண்டார் என்று அவரிடம் சொன்னேன். அந்தச் சுத்தியலும் கிடைத்தது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. "விவசாயியே கூப்பிட்டுப் போனவன், என்ன?" என்றார். அதேதான்.

பிறகு பூங்கா ஆசையை விட்டுவிட்டு நிலத்துக்காரர்களைத் தேடினேன். ஆறு பண்ணை வீட்டுக் கதவு தட்டி ஐந்தில் இல்லை என்றார்கள். ஆறாவது வீட்டுப் பாட்டி காப்பீட்டுச் சான்றிதழைக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சாயுதக் கதையைச் சொன்னேன், கேட்டார், அறுவடை முடிந்ததும் வா என்றார். ஆனாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம்: கிடைப்பதில் பாதிக்குப் பாதி, கன்றுகள் நிற்கும் வயலுக்குள் போகக் கூடாது, வேலிக் கதவை மூட வேண்டும். 1996 புதையல் சட்டப்படி 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்கம், வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதினேன். இப்போதைய சட்டத்தில் அந்த ஃபார்னம் ப்ரூச்சும் புதையல்தான்.

செப்டம்பரில் அந்த வயலில் முதல் காசு வந்தது. விரல் நகம் அளவு, பச்சை பூத்த செம்பு. ஒற்றைச் செம்புக் காசு புதையலில் சேராது. இருந்தாலும் பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் பதிவுத் திட்டத்தின் எங்கள் வட்டார அலுவலரிடம் கொண்டுபோனேன். வயலில் எந்த இடம் என்று குறித்துக்கொண்டார். லென்ஸை வைத்துப் பார்த்து, நாலாம் நூற்றாண்டு, இந்த நாட்டில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது என்றார். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. படம் எடுத்துக் கரூருக்கு அனுப்பினேன்.

அப்பா உடனே கூப்பிட்டார்.

"ஏண்டா, இது நம்ம ஆத்துல சல்லடையில வர்றதுதானே? இதுக்கா அத்தனை லெட்டர் எழுதின?"