மிகிதாரியன் ஆடும் இரவுகள்

2014 ஏப்ரல் 9, புதன்

சாம்பியன்ஸ் லீக் கால்பந்து, காலிறுதியின் இரண்டாவது ஆட்டம்: டார்ட்முண்ட் 2, ரியல் மாட்ரிட் 0. ஜெயித்தும் வெளியே. முதல் ஆட்டத்தில் மாட்ரிட்டில் போய் வாங்கிய மூன்று கோல்தான் கழுத்தை அறுத்துவிட்டது. ரியூஸ் அடித்த இரண்டைப் பற்றி இன்றைக்கு யாரும் பேசப்போவதில்லை, எல்லார் வாயிலும் டார்ட்முண்டின் ஆர்மீனியாக்காரர் மிகிதாரியன்தான். கோல் கீப்பர் கசியாஸைத் தாண்டியாயிற்று, எதிரே காலி வலை, கோணம் கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான். பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பி வந்தது.

போன கோடையில் 2.75 கோடி யூரோ கொடுத்து வாங்கிய ஆள். அந்த கிளப் அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. வருவதற்கு முந்தைய சீசனில் ஷக்தார் டொனெட்ஸ்க்குக்காக லீக்கில் மட்டும் 25 கோல், உக்ரைனில் அது சாதனை. அந்த டொனெட்ஸ்க்கில் இந்த வாரம் ரஷ்ய ஆதரவாளர்கள் அரசுக் கட்டடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம்.

அப்பா ஹாம்லெட்டும் கால்பந்துக்காரர்தான், ஸ்ட்ரைக்கர். 1973-ல் சோவியத் லீக்கையும் கோப்பையையும் ஒரே வருடத்தில் வென்ற அராரத் யெரெவானில், எண்பதுகளில் ஆடியவர். பிறகு பிரான்சின் வாலன்ஸ் கிளப்புக்குக் குடும்பத்தோடு போனார். மூளையில் கட்டி. 1996-ல், 33 வயதில் இறந்துபோனார். பையனுக்கு அப்போது ஏழு வயது. ஊர் திரும்பி, பியூனிக் கிளப்பில் வளர்ந்து, வரிசையாக நான்கு முறை ஆர்மீனிய லீக் பட்டம். இதையெல்லாம் தாண்டி வந்தவர் ஒரு போஸ்ட்டுக்காக உடைந்துபோக மாட்டார் என்று நினைக்கிறேன்.

2015 அக்டோபர் 23, வெள்ளி

புதுக் கோச் டூகெல் வந்தபின் ஆளே மாறிவிட்டார். பந்தை வாங்கும்போதே உடம்பு திரும்பியிருக்கிறது. ஆனால் நேற்று யூரோப்பா லீக்கில் கபாலாவில் ஆடவில்லை. அஜர்பைஜான் ஊர், ஆர்மீனியப் பாஸ்போர்ட், இரண்டு நாட்டுக்கும் கரபாக் நிலத்துக்காகச் சண்டை, ஜெர்மனியிலேயே இருந்துகொண்டார். ஒபமயாங் மூன்று அடிக்க 3-1. அணிக்கு நஷ்டமில்லை என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2016 டிசம்பர் 27, செவ்வாய்

இப்போது மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடுகிறார். நேற்றைய கோலைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். வலப்பக்கமிருந்து இப்ராஹிமோவிச் தூக்கிப் போடுகிறார். பந்து மிகிதாரியனுக்குப் பின்னால் போகிறது, சரி, வீண் என்று நினைக்கும்போது மனுஷன் முன்னால் விழுந்துகொண்டே குதிகாலைத் தூக்கி அடிக்கிறார். தேள் கொடுக்கு மாதிரி. சண்டர்லேண்ட் கோல் கீப்பர் நகரவே இல்லை. ஆமாம், ஆஃப்சைடு. ஓரடியாவது முன்னால் நின்றார். லைன்ஸ்மேன் கொடி தூக்காத புண்ணியத்தை நான் கெடுப்பானேன்.

செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகப் பாதி ஆட்டத்தோடு வெளியே எடுத்த கோச் மொரின்யோ அப்புறம் வாரக்கணக்கில் இவரைக் கண்ணிலேயே காட்டவில்லை. இனி உட்கார வைப்பது கஷ்டம்.

2017 மே 25, வியாழன்

ஸ்டாக்ஹோமில் யூரோப்பா பைனல், அயாக்ஸை 2-0. கார்னரில் ஸ்மாலிங் முட்டியதை, கோலுக்கு முதுகைக் காட்டியபடியே தலைக்கு மேல் காலைத் தூக்கித் தட்டிவிட்டார். மான்செஸ்டரில் குண்டு வெடித்து இரண்டே நாள். கறுப்புப் பட்டையோடு ஆடினார்கள். கொண்டாட்டத்திலும் ஒரு அடக்கம் தெரிந்தது.

2019 மே 22, புதன்

இப்போதைய கிளப் ஆர்சனல் அறிவித்துவிட்டது: அஜர்பைஜானின் பாகூவில் நடக்கும் யூரோப்பா பைனலுக்கு மிகிதாரியன் போகவில்லை. பாதுகாப்பு தருகிறோம் என்கிறது அஜர்பைஜான், ஏற்பாடு செய்தோம் என்கிறது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஎஃபா. குடும்பத்தோடு பேசி முடிவெடுத்திருக்கிறார். கபாலா, போன அக்டோபரில் அஜர்பைஜானின் கராபாக் கிளப்போடு நடந்த ஆட்டம், இப்போது இது. முன்பு தவறியவை லீக் கட்ட ஆட்டங்கள். இது 30 வயதுக்காரருக்கு இனி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பைனல்.

‘பயந்தாங்கொள்ளி’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கார்னர் எடுக்கக் கொடிக்கம்பத்தை நோக்கித் தனியாக நடக்கும் ஆட்டக்காரரைக் கற்பனை செய்யுங்கள். அந்தப் பக்கத்து கேலரி முழுக்க அவர் நாட்டோடு போரில் இருக்கும் நாட்டுக்காரர்கள். போலீஸ் எத்தனை பேர் நின்றாலும் கால் எப்படி ஒழுங்காக வரும்? என் கோபம் யூஎஃபா மேல். இரண்டு லண்டன் கிளப்புகள் ஆட காஸ்பியன் கடற்கரை. ஒவ்வொரு கிளப்புக்கும் ஆறாயிரம் டிக்கெட். பைனல் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது ஐரோப்பாவில் ஆர்மீனியர் ஒருவர் ஆடுகிறார் என்பது யாருக்கும் தெரியாதா?

2019 மே 30, வியாழன்

செல்சி 4, ஆர்சனல் 1. எழுத ஒன்றுமில்லை.

2021 ஏப்ரல் 1, வியாழன்

முட்டாள்கள் தினச் செய்தி இல்லை: உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், மூன்று ஆட்டம் முடிந்து, ஜெர்மனி இருக்கும் பிரிவில் முதலிடம் ஆர்மீனியா! லிக்டன்ஸ்டைன், ஐஸ்லாந்து, நேற்று யெரெவானில் ருமேனியா. பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் ஹரோயானும் பர்செகியானும் அடித்து 3-2. அதே இரவு ஜெர்மனி வடக்கு மாசிடோனியாவிடம் தோற்றது.

வேடிக்கை என்னவென்றால், மூன்றிலும் மிகிதாரியன் கிடையாது, காயம். இத்தனை வருடம் வெளிநாட்டு கிளப்பில் பத்துப் பேருக்கு நடுவே ஒருவராக ஆடிவிட்டு, ஊருக்கு வந்தால் பந்தை எடுப்பதும் அவர், கொடுப்பதும் அவர், அடிப்பதும் அவர். மற்றவர்கள் பந்து கிடைத்ததும் முதலில் அவர் எங்கே என்று தேடுவார்கள். இப்போது தேட ஆளில்லாததால் நேராக முன்னால் ஓடுகிறார்கள். போன இலையுதிர் காலத்தில் அஜர்பைஜானோடு 44 நாள் போர் நடந்த நாடு இது. போரை நிறுத்தச் சொல்லி டிரம்ப், புடின், மக்ரோன் மூவருக்கும் அவர் பகிரங்கக் கடிதம் எழுதியதும் அப்போதுதான்.

2022 மார்ச் 4, வெள்ளி

தேசிய அணியிலிருந்து விலகிவிட்டார். 95 ஆட்டம், 32 கோல், ஆர்மீனியாவில் வேறு யாரும் இத்தனை அடித்ததில்லை. போன வசந்தத்தின் ஆட்டம் நீடிக்கவில்லை. நவம்பரில் வடக்கு மாசிடோனியாவிடம் ஐந்து, ஜெர்மனியிடம் நான்கு வாங்கினார்கள். ஜெர்மனிக்குப் போட்ட ஒரே கோல் இவருடைய பெனால்டி. பெரிய போட்டி எதிலும் நாட்டுக்காக ஆட வாய்க்கவில்லை. 2011-ல் டப்ளினில், யூரோ பிளே-ஆஃப் வாசலில், கோல் கீப்பருக்குச் சிவப்பு அட்டை விழுந்த பிறகும் இவர் ஒன்று அடித்தார், 2-1 தோல்வி. அதைவிடக் கிட்டே போனதே இல்லை.

2022 மே 26, வியாழன்

டிரானாவில், இப்போது இவர் ஆடும் ரோமா கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை வென்றது. காயத்திலிருந்து அவசரமாகத் திரும்பிய மிகிதாரியன் 17 நிமிடத்தில் நொண்டிக்கொண்டே வெளியேறினார். கோச் அதே மொரின்யோ. அன்று ஒதுக்கிய ஆள் இன்று அரைகுறை உடம்போடாவது இவர் வேண்டும் என்கிறார்.

2025 மே 1, வியாழன்

சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி: பார்சலோனா 3, இப்போது இவர் ஆடும் இன்டர் 3. மிகிதாரியனுக்கு வயது 36. அடித்தார், ஓடினார், கொண்டாடினார், திரையில் கோடு போட்டுப் பார்த்து ஷூ நுனி ஆஃப்சைடு என்றார்கள். சண்டர்லேண்டுக்கு விட்டதை இங்கே வட்டியோடு பிடுங்கிவிட்டார்கள், போகட்டும். இரண்டு வருடம் முன்பு இதே அரையிறுதியில், மிலானுக்கு எதிராகப் பதினொன்றாவது நிமிடத்தில் அடித்தது செல்லுபடியான கோல்தானே.

எனக்குப் பிடித்தது அடித்ததல்ல. எண்பது நிமிடத்தை நெருங்கியும் பார்சலோனாவின் யமாலுக்குப் பந்து போகும் வழியை அடைக்க ஓடி வந்துகொண்டிருந்தார். இருபத்தைந்து வயதில் பத்தாம் எண் ஆட்டக்காரராக இருந்தவர் இப்போது சுமைக்காரர். அடுத்த ஆட்டம் செவ்வாய் இரவு மிலானில், நமக்குப் புதன் விடியற்காலை. அரை நாள் லீவு சொல்லியாயிற்று.