பிரெட்னிசலோன்: முதல் மாத்திரைக்கு முன்பே முடிக்க வேண்டியவை

முடக்குவாதமோ, உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு என்றால் சீட்டில் பெரும்பாலும் பிரெட்னிசலோன்தான் இருக்கும். அங்கேயே கேட்டுவிட வேண்டியது, எத்தனை நாளுக்கு என்பதை. ஆஸ்துமா இழுப்புக்கு 5 நாள், 7 நாள் போடுகிறவர்கள் சர்க்கரையையும் பிரஷரையும் கவனித்தால் பெரும்பாலும் போதும். 3 வாரத்தைத் தாண்டும் என்றால் கதை வேறு. இந்த மருந்து நோயை அடக்குவதோடு மற்ற நோய்களின் தடயத்தையும் மறைத்துவிடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சில சோதனைகள் பொய் சொல்லும்.

டிபி அப்படித்தான். மார்பு எக்ஸ்ரேயும், மான்டூ (தோலில் ஊசி போட்டுப் பார்ப்பது) அல்லது இக்ரா (ரத்தத்தில் பார்ப்பது) சோதனையும் தொடங்குமுன் எடுப்பது நல்லது. மருந்து ஆரம்பித்தபின் மான்டூ ஊசி போட்டால் உள்ளே கிருமி இருந்தும் கையில் தடிப்பு எழாமல் போகலாம். தினம் 15 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒரு மாதம் போனாலே உறங்கும் டிபி விழிக்கும் வாய்ப்பு கூடுகிறது. மான்டூ பாசிட்டிவ் என்றதும் பயப்பட வேண்டாம். நம் நாட்டில் அது பலருக்கும் வரும். எக்ஸ்ரேயையும் அறிகுறிகளையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

மஞ்சள் காமாலை பி வைரஸுக்கு எச்பிஎஸ்ஏஜி என்ற, வைரஸ் இப்போது இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனையை மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். முன்பு எப்போதாவது வந்து போயிருந்தாலும் காட்டும் கோர் ஆன்டிபாடி சோதனையும் கேளுங்கள். முதலாவது நெகட்டிவாக இருந்து இரண்டாவது பாசிட்டிவாக இருப்பவர்களுக்கும், அதிக அளவில் நீண்ட நாள் ஸ்டீராய்டு போனால் வைரஸ் திரும்ப வரக்கூடும்.

பலரும் விட்டுவிடுவது ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு. வயலில் வெறுங்காலோடு வேலை செய்தவர்களுக்குத் தோல் வழியே ஏறி, வருடக்கணக்கில் குடலில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு தொடங்கியதும் பெருகி நுரையீரல் வரை பரவி, உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு கூடியிருப்பது ஒரு துப்பு. மருந்து ஆரம்பித்தால் அந்த எண்ணிக்கையும் இறங்கிவிடும். வழக்கமாகக் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின் என்ற வேறு புழு மருந்து தேவையா என்று கேளுங்கள்.

சர்க்கரையில் நடக்கும் தவறு நேரத்தில்தான். காலையில் மாத்திரை போட்டால் மதியத்திலிருந்து இரவு வரைதான் ஏறும். வெறும் வயிற்றில் எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். தொடங்குமுன் ஒரு எச்பிஏ1சி (சுமார் 3 மாதச் சர்க்கரையின் சராசரி), பிறகு மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து ஒரு சோதனை. குடும்பத்தில் கண் நீர் அழுத்தம் இருந்தால் கண் டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 3 மாதத்துக்கு மேல் போகும் என்றால் எலும்புக்காகக் கால்சியம், வைட்டமின் டி பற்றிப் பேசுங்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் முன்பே சொல்ல வேண்டும்.

பார்வை போகும் அபாயம் போன்ற அவசரத்தில் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள்.

ஏற்கெனவே சாப்பிடுபவற்றை மறைக்க வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை கூடவே போனால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு. மூட்டுவலிக்கு வாங்கும் பெயரில்லாப் பொடியில் ஸ்டீராய்டே கலந்திருக்கலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

குறைக்கும் அட்டவணையை முதல் நாளே எழுதி வாங்குங்கள். சில வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்ததும், உடலுக்குள் அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துவிடலாம். திடீரென விட்டால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறக்கம். அட்டவணையில் ‘ஒரு மாத்திரை’ என்றில்லாமல் மி.கி. இருக்க வேண்டும். இதே மருந்து 5, 10, 20 மி.கி. என்று வரும், அட்டை மாறினால் அளவு இரட்டிக்கும். கடையில் ‘இதுவும் அதேதான்’ என்று டெக்ஸாமெத்தசோன் என்ற வேறு ஸ்டீராய்டைத் தந்தால் வாங்காதீர்கள்: அதன் 0.75 மி.கி., பிரெட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமம். நீண்ட நாள் எடுப்பவர்கள் வாந்தியால் மாத்திரையைத் தக்கவைக்க முடியாவிட்டால் அடுத்த வேளை வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரைக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தேவைப்படும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு பர்ஸில் இருந்தால் அங்கே நேரம் மிச்சம்.