பனியும் படுதாவும்: மன்னார்குடிப் பக்கம் ஒரு வாரம்

மன்னார்குடி ரயில் நிலையத்தில் விடியற்காலை இறங்கிய என்னிடம் 14 கிலோமீட்டருக்கு 600 ரூபாய் கேட்ட ஆட்டோக்காரரை நினைத்தால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சென்னை எழும்பூரிலிருந்து மன்னை விரைவு வண்டியில் இரவு முழுவதும் படுத்து வந்ததற்கே அதில் பாதிதான் செலவு. பேரம் பேசியதில் 500க்கு இறங்கினார். இருட்டும் என் கனத்த பையும் அவர் பக்கம் இருந்தன. அதே தூரத்தை நகரப் பேருந்து 20 ரூபாய்க்கும் குறைவாகக் கடக்கிறது என்பதையும், 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்பதையும் நண்பனின் பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னபோது, கையிலிருந்த காப்பி கசந்துவிட்டது. வாரச் செலவுக்கென்று நான் ஒதுக்கியிருந்ததே 4000 ரூபாய்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் போனது தை மாதக் கடைசி. சம்பா அறுவடை நேரம். அந்த ஏழு நாளும், நான் தங்கியிருந்த நண்பனின் பெரியப்பா வீட்டில் நெல்லைத் தவிர வேறு பேச்சே இல்லாதபோது எனக்கு மட்டும் வேறு என்ன எழுதத் தோன்றும்?

பெரியப்பாவுக்கு ஒன்பது மா நிலம், அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே, நிற்கும் கதிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். வயலின் ஈரத்திலேயே அது முளைத்து, அடுத்த பயிராக, தனிப்பாசனம் இல்லாமலேயே வளர்ந்துவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம் என்பதால், அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் வரும் பாமணி ஆற்றை நம்பிப் பயனில்லை. கையால் அறுத்த காலத்தில் இந்த ஏற்பாட்டில் குறையே இருந்திருக்காது. இப்போது ஆள் கிடைப்பதில்லை. மணிக்கணக்கு வாடகைக்கு வந்த பெல்ட் அறுவடை மெஷின் ஒரே பிற்பகலில் வயலை முடித்துவிட்டுப் போன பிறகு, அது திரும்பிய மூலைகளில் இரட்டை இலை விட்டிருந்த உளுந்து சேற்றோடு சேர்ந்து நசுங்கிக் கிடந்தது. பெரியப்பா ஒரு முளையைக் குனிந்து நிமிர்த்திப் பார்த்தார், அது நிற்கவில்லை.

அடுத்த நான்கு நாள் எனக்கு வேலை கொடுத்தார்கள். அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை பெய்த ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்திய அரசு தளர்த்துவதும் உண்டு. எனவே ஊரே தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறது. அரை மணிக்கு ஒரு முறை நெல்லுக்குள் காலை இழுத்து நடந்து, பாத்தி பாத்தியாகத் துழாவிவிட வேண்டும். முதல் நாளே சுணை ஏறி, முழங்கால்வரை அரித்துத் தீர்த்தது. மாலை ஐந்தானால் குவித்துப் படுதா போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் பகலெல்லாம் போன ஈரத்தை ஒரே இரவின் பனி திருப்பிக் கொடுத்துவிடும். ஈரம் பார்க்கப் பெரியப்பாவுக்குக் கருவி தேவைப்படவில்லை. ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார், 'நறுக்'கென்று உடைந்தால் தலையாட்டுவார், மசிந்தால் துப்புவார். சாலையில் நெல் காய்வதைப் படம் பிடித்து அழகு என்று எழுதுகிறவர்களை இனி நான் நம்பப்போவதில்லை. நெல் காயவைக்க ஒரு களம் கட்டிக்கொடுத்தால் இத்தனை பேர் வெயிலில் பேருந்துக்கு வழிவிட்டு நிற்க வேண்டியதில்லை.

மற்ற நாள்களின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் நான்காம் நாள் இரவுக் குழம்பைச் சொல்லாமல் விட முடியாது. ஆற்றில் தண்ணீர் நின்றதும் வாய்க்கால் பள்ளங்களில் மீன் தங்கிவிடுகிறது. பையன்கள் சேற்றைக் கலக்கிப் பிடித்து வந்த கெளுத்தியைப் பெரியம்மா சாம்பல் போட்டு உரசி, மண்சட்டியில் புளியைக் கரைத்து விட்டு, இறக்கும் நேரத்தில் மாங்காய்த் துண்டுகளைப் போட்டார். அன்று இரவு அது நல்ல குழம்பு. மறுநாள் காலை பழைய சோற்றோடு அதே குழம்பு நான் இதுவரை சாப்பிட்ட எதையும் தோற்கடித்தது. சென்னையில் இதைச் 'சிறப்பு மண்பானை விருந்து' என்று பெயரிட்டு எவ்வளவு கேட்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மூன்றாம் முறை சோறு வாங்கினேன்.

ஆறாம் நாள் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் வரிசையாகக் குவியல்கள் கிடந்தன. சாக்கு வந்து சேரவில்லை என்று அன்று முழுவதும் எடையே போடவில்லை. யாரும் சத்தம் போடவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரவு அங்கேயே நெல்மேல் படுத்திருந்த பெரியப்பா, மேகத்தைப் பார்த்து, "ஒரு தூறல் போட்டா மறுபடி ரோட்டுக்குத்தான் தம்பி" என்றார். தூறவில்லை. மறுநாள் பிற்பகல் கருவி 16.4 காட்டியது, 40 கிலோ சிப்பமாக 118 எடை போட்டு முடித்தபோது கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது.

ரயிலைப் பிடிக்க ஆட்டோவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வந்தவர் அதே ஆட்டோக்காரர். என்னைப் பார்த்ததும் 600 என்று தொடங்கியவர், பின்னால் பத்துக் கிலோ புது அரிசிப் பையோடு வந்த பெரியப்பாவைக் கண்டதும் இறங்கி, பையை வாங்கி உள்ளே வைத்தார்.

"நம்ம வீட்டுப் புள்ளையா? முன்னாடியே சொல்லக்கூடாதா சார், 200 குடுங்க போதும்."