அகஸ்டாவில் கிண்டர்கார்டன் சேர்க்கை: மாதத்தை எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள்

ஒருவழியாக மகளுக்கு ஸ்கூல் அட்மிஷன் கிடைத்துவிட்டது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்ட குழந்தையோடு அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துப் பக்கம் குடிவருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

லீஸ், கரண்ட் பில், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றினோம், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. செப்டம்பர் 1-க்குள் 5 வயது முடிந்திருக்க வேண்டும். இவள் 2020 ஜனவரி, அதுவும் சரி. ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) வந்த குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (நம் ஆதார் எண் மாதிரி) கிடையாது, கேட்டால் பதற வேண்டாம், எண் தர விரும்பவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது.

சிக்கல் முழுவதும் இரண்டு தாள்களில்தான். ஒன்று ஃபார்ம் 3231, தடுப்பூசிச் சான்றிதழ். இன்னொன்று ஃபார்ம் 3300, கண், காது, பல், உயரம், எடை பார்த்துக் கொடுப்பது. நம் ஊர் தடுப்பூசி அட்டையை அப்படியே கொண்டுபோய் நீட்டினால் பள்ளியில் வாங்க மாட்டார்கள், அதிலிருப்பதை இங்கே ஒருவர் மாநிலக் கம்ப்யூட்டர் பதிவில் ஏற்றி 3231 ஆக அச்சடித்துத் தர வேண்டும்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு குழந்தைகள் கிளினிக்குக்குப் போனோம். அங்கே பதிவு செய்த பெண்ணிடம் "இதில் நாள் முதலில் வரும், மாதம் அடுத்து வரும்" என்று சொல்லித்தான் அட்டையைக் கொடுத்தேன். தலையை ஆட்டிவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். பிறந்த அன்று போட்ட ஊசி 11/01/2020, அதை நவம்பர் 1 ஆக்கினார். அடுத்த வரி 24/02, இருபத்துநான்காவது மாதம் கிடையாது என்பதால் அதை மட்டும் தானாகவே திருப்பிப் பிப்ரவரி 24 என்று சரியாகப் போட்டார். அதற்கடுத்த வரி 03/06. பத்தாவது வாரம் போட வேண்டிய ஊசி அது, அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்து, பாளையங்கோட்டையில் தெருவை விட்டே வெளியே போக முடியாமல் கடைசியில் ஜூன் 3-ஆம் தேதிதான் போட்டோம். அவர் அதை மார்ச் 6 ஆக்கிவிட்டார்.

ஆக, கம்ப்யூட்டர் கணக்கில் நவம்பரில் பிறந்த குழந்தைக்கு அதே வருடம் பிப்ரவரியில் ஓர் ஊசி, பதினோரு நாள் கழித்து இன்னொன்று! இரண்டுக்கும் நடுவில் நான்கு வாரமாவது இருக்க வேண்டும், அதனால் இது செல்லாது என்று சிவப்பில் காட்டியது. நான் மகளின் அமெரிக்க விசாவைத் திறந்து காட்டினேன், அதில் மாதத்தை எழுத்தில்தான் அச்சடித்திருக்கிறார்கள், 11 ஜனவரி 2020 என்று. பிறந்த தேதியே தப்பு என்று தெரிந்தால் மற்றதையும் திரும்பப் பார்க்க வேண்டாமா? அதை மட்டும் திருத்திவிட்டு, "மற்றதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, டாக்டரைப் பார்க்க அப்பாயிண்ட்மென்ட் வாங்குங்கள்" என்றார். அப்பாயிண்ட்மென்ட் கேட்டால் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளைச் சொன்னார்கள். இங்கே ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பள்ளி திறந்துவிடும். இதற்கு நடுவில் கணவர் அரை நாள் லீவு போட்டு எங்களை அழைத்துப் போனது வேறு வீண். இந்த ஊரில் கார் இல்லாமல் ஒரு துரும்பையும் நகர்த்த முடியாது, நான் இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை.

வழி சொன்னது எதிர்வீட்டு அம்மா. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். 2024 ஹெலீன் புயலில் விழுந்த பைன் மரத்தின் அடிக்கட்டை இன்னும் அவர் வாசலில் கிடக்கிறது, அதில் உட்கார்ந்து சாயங்காலம் எல்லாரோடும் கதை பேசுவார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ஹனி, கௌண்டி ஹெல்த் டிபார்ட்மென்ட் இருக்கும்போது அங்கே எதற்குப் போனாய்?" என்றார். நம் மாவட்டம் மாதிரிதான் கௌண்டி, அதன் அரசு சுகாதாரத் துறை அலுவலகம் அது. இரண்டு ஃபார்மையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாமாம். சொன்னதோடு விடவில்லை, மறுநாள் காலையில் அவரே தன் காரில் கூட்டிப்போனார்.

அங்கிருந்த நர்ஸ் அட்டையைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இந்தியாவா? அப்படியென்றால் நாள் முதலில், இல்லையா?" எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு மாதத்தை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஏற்றினார்.

தேதி சரியான பிறகும் எல்லா ஊசியும் கணக்கில் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இது யார் தப்பும் இல்லை, முறை வேறு. நம் ஊரில் ஒன்பதாவது மாதம் போடும் தட்டம்மை ஊசி இங்கே செல்லாது, முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் கணக்கு. அரசுத் திட்டத்தில் போடுவது எம்ஆர், அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். இவர்கள் கேட்பது எம்எம்ஆர், பொன்னுக்குவீங்கிக்கும் சேர்த்து. சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் அரசு அட்டவணையிலேயே கிடையாது. போலியோ சொட்டு மருந்தை எத்தனை முறை கொடுத்திருந்தாலும், 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்ததை எடுத்துக்கொள்வதில்லை, அப்போதிலிருந்து மூன்று வகை வைரஸில் இரண்டுக்குத்தான் சொட்டு மருந்து என்பதால். எங்களுக்குப் போலியோவை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஒரு யோசனை: கண், காது சோதனையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் ஊசிக்குப் போங்கள். எங்களுக்கு வரிசை மாறிவிட்டது. இரண்டு கையிலும் குத்து வாங்கியவள் ஹெட்ஃபோனைத் தொடவே விடவில்லை. சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றால், கை வலிக்கிறது தூக்க மாட்டேன் என்கிறாள்! எதிர்வீட்டு அம்மா பையிலிருந்து ஒரு லாலிபாப்பை எடுத்து, சத்தம் கேட்கும்போது இதைத் தூக்கினால் போதும் என்றார். அப்படித்தான் அந்தக் காது சோதனை முடிந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்துப் பள்ளிக்குப் போனால், அலுவலகத்தில் இருந்தவர் 3231-ஐத் திருப்பிக் கொடுக்கிறார். அதில் இரண்டு இடம் உண்டு. எல்லா ஊசியும் முடிந்திருந்தால் முழுமை என்ற கட்டத்தில் குறி இருக்கும். இன்னும் பாக்கி இருந்தால் குறிக்குப் பதிலாக ஒரு காலாவதி தேதி இருக்கும், அடுத்த ஊசி போட வேண்டிய காலம் வரை அது செல்லும். எங்களுடையது இரண்டாவது வகை. "குறி இல்லை மேடம், முழுசாக முடித்துவிட்டு வாருங்கள்" என்றார். நியாயமாகப் பார்த்தால் முழுசாக முடிய அடுத்த வருடம் பிப்ரவரி ஆகும், போலியோ கடைசி ஊசிக்கு ஆறு மாத இடைவெளி வேண்டும். இதை எவ்வளவு பொறுமையாகச் சொன்னாலும் "ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம்" என்று சிரித்த முகத்தோடு அதே தாளை அதே இடத்துக்குத் தள்ளுகிறார். இந்தப் பக்கத்து மரியாதையில் இது ஒரு தொல்லை, சண்டையும் போட முடியாது.

நான் நகரவில்லை. "பள்ளி நர்ஸைக் கூப்பிடுங்கள், அவர் முடியாது என்று சொன்னால் போய்விடுகிறேன்" என்றேன். நர்ஸ் வந்து தாளை ஒரு பார்வை பார்த்தார். "தேதி இருக்கிறதே, அதுவரை செல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் விஷயம்! உங்களுக்கும் இப்படி ஆனால் முன்மேசையில் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள், நேராக நர்ஸைக் கேளுங்கள்.

இன்னும் ஊரிலிருந்து கிளம்பாதவர்கள் எம்எம்ஆர், சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ மூன்றையும் டாக்டரிடம் கேட்டு அங்கேயே தனியாரில் போட்டுக்கொண்டு வந்தால் நேரம் மிச்சம். அட்டை ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம், குழந்தையின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, மாதங்கள் எழுத்தில், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள். அட்டையில் பல குழந்தைகளுக்கு இன்னார் குழந்தை என்று அம்மா பெயர்தான் இருக்கும், அதற்கும் இங்கே கேள்வி வரும். பதிவை வசந்த காலத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஏப்ரலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கும் வாரத்தில் பள்ளிக்கே லீவு விடும் ஊர் இது, அந்த வாரம் மட்டும் எந்த வேலைக்கும் வெளியே கிளம்பாதீர்கள்.

எங்களுக்கு அடுத்த ஊசி நான்கு வாரம் கழித்து. எதிர்வீட்டு அம்மா இப்போதே காலண்டரில் எழுதி வைத்துவிட்டார், லாலிபாப் செலவு என்னுடையதாம்.