கடற்கரையில் ஈ ஓட்ட எந்த ராட் வாங்கலாம்?

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பீச்சுக்கு ஒரு ஃப்ளை ராட் வாங்கலாம்னு இருக்கேன், எது வாங்கட்டும்?" என்றான். பின்னாலிருந்து அக்கா, "குடும்பத்துல ஒருத்தன் ஈ ஓட்டறது போதாதா?" என்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. ஃப்ளை என்றால் ஈ. ஈ மாதிரி கட்டிய பொய் இரையை வீசி மீன் பிடிப்பது ஃப்ளை ஃபிஷிங், அதற்கான தூண்டில் கழிதான் ஃப்ளை ராட். நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இந்த ஜோக் ஓய்ந்தபாடில்லை. அவனிடம் பத்து நிமிடம் எதையோ உளறிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எதையுமே சொல்லவில்லை என்று உறைத்தது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், அவனும் படிக்கட்டும், அவன் மாதிரி கேட்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

அவன் கேட்ட முதல் கேள்வியே, "8 வெயிட்டுன்னா எட்டு கிலோ மீன் தாங்குமா?" என்பதுதான். இல்லை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், நரம்பு அதன் பின்னால் போகும். ஃப்ளையில் ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் நூலும் முடியும் கட்டிய பொய் இரைக்குத் தனியாகப் பறக்கிற அளவுக்குக் கனமும் கிடையாது. அதனால் லைனையே தடிமனாக, பூச்சுப் பூசி, கனமாகச் செய்துவிட்டார்கள். அந்தக் கனம்தான் ராட்டை வளைத்து, இரையைக் கொண்டுபோய்ப் போடுகிறது. ராட்டில் எழுதியிருக்கும் நம்பர் அந்த லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதற்கான கணக்கு. 5 வெயிட் என்றால் 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம். 8 என்றால் 210 கிரெய்ன், பதிமூன்றரை கிராம் சொச்சம். 10 என்றால் 280, அதாவது 18 கிராம். கடல் லைன்களில் பல கம்பெனிகள் இந்தக் கணக்கைவிட அரை நம்பர், ஒரு நம்பர் கூட்டியே செய்கிறார்கள், அதனால் டப்பாவில் உள்ள நம்பரை மட்டும் பார்க்காமல் கிரெய்னையும் பார்த்து வாங்குங்கள்.

நான் ஆரம்பித்தது 5 வெயிட்டில். நீலகிரியில் டிரவுட் பிடிக்கப் போன ஒரு நண்பர் கொடுத்தது, ஓடைக்கு அருமையான ராட். அதை எடுத்துக்கொண்டு சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். கடலுக்கு கிளவுசர் என்று ஒரு பொய் இரை உண்டு, பாப் கிளவுசர் என்ற அமெரிக்கர் 1980களில் உருவாக்கியது, முள்ளின் தலைமாட்டில் டம்பெல் மாதிரி இரண்டு ஈயக் கண்கள் இருக்கும். சின்ன மீன் குதித்துக் குதித்து ஓடுவது போலத் தண்ணீரில் போகும், பாறை மீனுக்கு அதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. ஆனால் 5 வெயிட் லைனுக்கு அதைத் தூக்கிப் போக வலு இல்லை. மூன்றாவது வீச்சிலேயே அந்த ஈயக்கண் திரும்பி வந்து ராட்டின் நுனிப்பக்கம் 'டிக்' என்று அடித்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து உள்ளங்கை அகல மீன் ஒன்று இழுத்தபோது சரியாக அதே இடத்தில் ஒடிந்தது. கார்பன் ராட் அப்படித்தான், மீன் இழுத்து ஒடிவதைவிட, எங்கோ இடித்த கீறலில் பிறகு ஒடிவது அதிகம். நண்பரிடம் சொல்லப் பட்ட கூச்சம் தனிக் கதை.

அந்தக் கடுப்பில் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நேராக 10 வெயிட்டுக்குத் தாவினேன். அதுவும் தப்பு. பத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து வீசிப் பாருங்கள், மறுநாள் சாம்பார் கரண்டி பிடிக்கத் தோள் எழாது. நம் கரையில் கிடைப்பது பெரும்பாலும் அரைக் கிலோ, ஒரு கிலோ பாறை, சீலா, எப்போதாவது காலா, முகத்துவாரத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா. அதற்குப் பத்து தேவையே இல்லை. மணிக்கணக்கில் சலிக்காமல் வீச முடிகிற ராட்தான் இங்கே மீன் பிடிக்கும்.

அப்போ எட்டா, ஒன்பதா? அதை முடிவு செய்வது மீன் இல்லை, காற்று.

பெசன்ட் நகரிலோ நீலாங்கரையிலோ கடலைப் பார்த்து நின்றால் முகம் கிழக்கே, வலது கை தெற்கே. விடிகாலையில் பல நாட்கள் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும், முதுகில் படும். கேட்க சுகம், ஆனால் பின்பக்கம் வீசும் லைனை அது அமுக்கிவிடும், பின்வீச்சைக் கொஞ்சம் தாழ்த்தி வேகமாகக் கொடுக்க வேண்டும். வெயில் ஏறியதும் கடற்காற்று முகத்தில் அறைய ஆரம்பிக்கும், அதோடு மூட்டை கட்டிவிடலாம். உண்மையான ஆபத்து ஏப்ரல், மே மாதத் தெற்குக் காற்று. வலக்கைக்காரனுக்கு அது ராட் இருக்கிற பக்கத்திலிருந்து அடித்து, லைனையும் முள்ளையும் நேராகத் தலைக்கே கொண்டுவரும். ஒரு மே மாதம் என் வலது காதில் முள் ஏறியது. முள்ளின் எதிர்க்கொக்கியை முதலிலேயே குறடால் நசுக்கி வைத்திருந்ததால் பின்னோக்கி இழுத்ததும் வந்துவிட்டது, இல்லையென்றால் அதே கோலத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். டிசம்பர், ஜனவரி வாடைக் காற்று இடப்பக்கமிருந்து வருவதால் எல்லாவற்றையும் உடம்பை விட்டு வெளியே தள்ளும், அப்போது கவலை இல்லை. என் மருமகன் இடக்கைக்காரன், அவனுக்கு இது அப்படியே தலைகீழ், மே மாதம் ராஜா, வாடையில் காது பத்திரம். தெற்குக் காற்றில் நான் இப்போது கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்வீச்சைக் கடலுக்குள் விடுகிறேன். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இத்தனை காற்றில் ஈயக்கண் இரையை அறுபது அடி போட எட்டு திணறுகிற நாட்கள் உண்டு, ஒன்பது திணறுவதில்லை. அதனால் என் பதில்: அலையடிக்கும் கரையில்தான் நிற்கப்போகிறீர்கள் என்றால் 9 அடி, 9 வெயிட், நான்கு துண்டு. முட்டுக்காடு, பழவேற்காடு, அடையாறு முகத்துவாரம் மாதிரி அமைதியான தண்ணீர்தான் அதிகம் என்றால் 8. ஒரே ஒரு ராட்தான் வாங்க முடியும், இரண்டு இடத்துக்கும் போவேன் என்றால், எட்டே போதும், காற்று அதிகமான நாளில் வீட்டில் இட்லி சாப்பிடுங்கள். நான்கு துண்டு என்று சொல்வதற்குக் காரணம், உறை கிட்டத்தட்ட இரண்டரை அடிக்குள் அடங்கும், ஸ்கூட்டரிலும் போகும், வெளிநாட்டிலிருந்து வரும் யாராவது சூட்கேஸில் போட்டும் கொண்டுவருவார்கள்.

விறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஃபாஸ்ட் ஆக்‌ஷன்' என்று கடைக்காரர் பெருமையாகக் கொடுப்பது காற்றை வெட்டும் என்பது நிஜம்தான். ஆனால் புதிதாகக் கற்கிறவர் கையில் அது மூங்கில் கழி மாதிரி இருக்கும், எப்போது வளைகிறது என்றே தெரியாது. ஒரு படி குறைந்த விறைப்பு நல்லது. கடையில் ராட்டை வெறுமனே ஆட்டிப் பார்ப்பது தோசைக்கல்லைத் தட்டிப் பார்த்து தோசை ருசியைச் சொல்வது மாதிரி, ஒன்றும் தெரியாது. ரீலும் லைனும் மாட்டித் தெருவில் நாற்பது அடி வீசிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கேபிள், கரண்ட் கம்பி இல்லாத தெருவாக இருக்கட்டும், கார்பனில் மின்சாரம் பாயும். ஐப்பசி இடியிலும் இதே காரணத்துக்காக ராட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடுங்கள்.

இன்னொன்று, பணத்தை எல்லாம் ராட்டிலேயே கொட்டாதீர்கள். நடுத்தர ராட்டில் நல்ல லைன் போட்டால் மீன் பிடிக்கலாம், உசத்தி ராட்டில் தப்பான லைன் போட்டால் முடியாது. குளிர் தேசத்துக்காகச் செய்த லைன் நம் மே மாத வெயிலில் குழைந்துபோன சேமியா மாதிரி வளையங்களில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 'டிராப்பிகல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மிதக்கும் லைன் வேண்டாம், ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கித் தொய்வாக்கிவிடும், மீன் கடித்ததே கைக்குத் தெரியாது. மெல்ல அமிழும் 'இன்டர்மீடியட்' லைன்தான் அலைக்குக் கீழே போய் விறைப்பாக நிற்கும்.

நம் கரை சரிவு அதிகம், அலை உடைகிற இடம் பக்கத்திலேயே இருக்கும், அதற்கும் கரைக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். மீன் பல நேரம் அந்தப் பள்ளத்தில்தான். அதனால் நூறு அடி வீசும் வித்தை அவசியமில்லை, இடுப்பளவு தண்ணீரில் இறங்கவும் வேண்டாம். பெசன்ட் நகரில் நிற்கிறதே அந்த வெள்ளை ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930இல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் அதே கடலில் மூழ்கிய டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது. இந்தக் கரையின் இழுப்பு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். முழங்கால் தண்ணீர் போதும்.

முழங்காலில் நின்றாலும், சுருட்டி இழுத்த லைனை அலை காலில் சுற்றிவிடும். அதற்கு இடுப்பில் ஒரு தொட்டி கட்ட வேண்டும். நான் பாத்திரம் அலம்பும் பிளாஸ்டிக் டப் ஒன்றை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, கேபிள் டைகளை முள் மாதிரி நிமிர்த்தி, பழைய பெல்ட்டில் கோத்திருக்கிறேன். உடைந்த பாலம் பக்கம் வீச்சு வலை போடும் ஒரு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, சுண்டல் விக்க வந்தியா?" என்றார். அப்புறம் என் இரையை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இது இன்னா முடி?" "செயற்கை நூல்ண்ணே. வெளிநாட்டுல மான் வால் முடியில கட்டுவாங்க." "மானா? உன்ன உள்ள வெச்சிடுவாங்க, பாத்துக்கோ" என்று சிரித்தார். ஆனால் எனக்கு இந்தக் கரையில் கிடைத்த முதல் பாறை மீன் அவர் சொன்ன இடத்தில்தான் கிடைத்தது. "ஆலா எங்க எறங்குதோ அங்க போடு, சும்மா கண்ட எடத்துல வீசாத" என்றார், அவ்வளவுதான்.

கூட்டம் ஒரு பெரிய பிரச்சினை. நாற்பது அடி முன்னால் போட நாற்பது அடி பின்னாலும் இடம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எலியட்ஸ் பீச்சில் அந்த நாற்பது அடிக்குள் இரண்டு நாய், ஒரு யோகா வகுப்பு, ஒரு தாத்தா இருப்பார்கள். வார நாளில் விடியுமுன் போங்கள், கொட்டிவாக்கம் தாண்டித் தெற்கே போனால் இன்னும் நல்லது. ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிட வரும் காலம், தலையில் விளக்கை எரியவிட்டுக்கொண்டு மணலில் நடக்காதீர்கள், வெளிச்சம் வரட்டும் என்று காத்திருங்கள்.

ரீலில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பதையும் நான் சொந்தச் செலவில் கற்றேன். மூடிய டிராக் (மீன் ஓடும்போது ரீலைப் பிடித்து நிறுத்தும் பிரேக்), அனோடைஸ் செய்த அலுமினியம், இரண்டும் இருக்க வேண்டும், லைனுக்குப் பின்னால் கட்டும் மெல்லிய நூலான பேக்கிங், 30 பவுண்டு தாங்குவது, 150 கெஜமாவது கொள்ள வேண்டும். ராட்டில் வளையங்கள் துருப்பிடிக்காதவையா, ரீல் மாட்டும் இடத்துத் திருகுகள் உலோகமா, வெறும் முலாமா என்று பாருங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து மாட்டுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்ட ஒரு நாள் நுனித்துண்டு லைனோடு சேர்ந்து கடலுக்குள் பறந்தது, இரை அதைத் தடுத்து நிறுத்தியதால் திரும்பி வந்தது.

வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் முதல் வருடம் தவறாமல் கழுவினேன், ஆனாலும் ரீல் இறுகிப்போனது. மலிவு ரீல் என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாத்ரூம் குழாயைச் சுற்றிப் படிந்திருந்த வெள்ளைப் படிவத்தை மனைவி ஒரு நாள் காட்டும் வரை. கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீரே உப்பு, இத்தனை நாளும் உப்பை உப்பால்தான் கழுவியிருக்கிறேன். இப்போது கேன் தண்ணீரில் அரை பக்கெட், பழைய துண்டு ஒன்று, அப்புறம் ரீலைத் திறந்து ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி. மருமகனே, உங்கள் வேளச்சேரி போர் தண்ணீர் எப்படி என்று முதலில் அம்மாவிடம் கேட்டுச் சொல்.